உந்த வீடும் எஸ்ஸா காஸாவும்: போர்த்துக்கேயச் சுட்டுச் சொற்களில் ஒரு சந்தேகம்

வெள்ளவத்தைச் சித்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வீட்டோடு ஆங்கில வகுப்பு எடுப்பவள். ஆறாம் ஆண்டிலிருந்து சாதாரண தரம் வரை பிள்ளைகள் வருவார்கள். இப்போது நானே ஒரு மொழிக்குப் புது மாணவி. அக்காவின் மகன் லிஸ்பனில் படித்து, அங்கேயே வேலை எடுத்து, போன வருடம் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணைக் கல்யாணமும் கட்டினான். வருகிற தைப்பொங்கலுக்கு இருவரும் கொழும்புக்கு வருகிறார்கள். தங்கப்போவது எங்கள் வீட்டில். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் அவளுடைய மொழியில் நாலு வசனமாவது பேசி அவளை வாசலில் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏழு மாதமாக ஃபோனில் ஒரு செயலியை வைத்துப் படிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தன் தாத்தா வீட்டுப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். எவோரா நகருக்குப் பக்கத்துக் கிராமம். சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடு, சுவரின் அடியோரம் முழுக்க நீலப் பட்டை, வாசலில் ஒரு கிழட்டு நாய். படத்துக்குக் கீழே 'எஷ்தா காஸா எ து மெவ் அவோ' என்று எழுதியிருந்தாள். இந்த வீடு என் தாத்தாவுடையது. அது விளங்கியது. சந்தோஷத்தில் உடனே எழுதினேன்: 'எஷ்தெ காஸா எ முய்ந்து புனீத்து'. இந்த வீடு மிகவும் அழகு என்று சொல்ல நினைத்தேன். கடைசியில் 'ஒப்ரிகாது' என்று நன்றியும் சேர்த்தேன்.

அவள் அன்பாகத் திருத்தி அனுப்பினாள்: 'எஸ்ஸா காஸா எ முய்ந்து புனீத்தா'.

காஸா பெண்பால் சொல், ஆகவே புனீத்து புனீத்தாவாகும். அதை நான் மறந்தது என் பிழை. ஆனால் 'எஷ்தெ'யை 'எஷ்தா' என்று திருத்தாமல் ஏன் 'எஸ்ஸா' ஆக்கினாள்? அதே வீடு. அவள் சொன்னால் எஷ்தா, நான் சொன்னால் எஸ்ஸாவா? செயலியில் தேடினால் 'எஸ்ஸா' என்றாலும் தட், 'அக்கேலா' என்றாலும் தட். தட் என்பதற்கு எதற்கு இரண்டு சொல்? அப்புறம், பக்கத்தில் நிற்கும் 'முய்ந்து' மட்டும் ஏன் மாறாமல் நிற்கிறது? அவளிடமே கேட்கலாம்தான். ஆனால் வரும்போது பிழையில்லாமல் பேசிக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது.

தெகிவளைப் பொடியன் எழுதியது:

அன்ரி, எஷ்தா என்றால் திஸ், எஸ்ஸா என்றால் தட், அக்கேலா என்றால் தூரத்தில் இருக்கும் தட். வீடு போர்த்துக்கலில் இருக்கிறது, நீங்கள் கொழும்பில், ஆகவே தட். அவ்வளவுதான். நானும் அதே மாதிரி ஒரு செயலியில்தான் படித்தேன்.

வெள்ளவத்தைச் சித்தி எழுதியது:

நன்றி தம்பி. ஆனால் தூரம்தான் கணக்கென்றால் எவோராவுக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஒரு கடலே கிடக்கிறது. அவள் அக்கேலா என்றல்லவா திருத்தியிருக்க வேண்டும்?

ஜம்பட்டா வீதி எழுதியது:

தங்கச்சி, எனக்கு எழுபத்திரண்டு வயது, அதனால் உரிமையோடு அப்படிக் கூப்பிடுகிறேன். நான் பிறந்தது பருத்தித்துறையில், இப்போது இருப்பது கொட்டாஞ்சேனையில். இடையில் ஏழு வருடம் மொசாம்பிக்கில், மபுத்து நகரத்தில், ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணக்கெழுதினேன். அங்கே கந்தோர் மொழி போர்த்துக்கேயம். நீங்கள் கேட்ட இதே கேள்வியில் நானும் மாதக்கணக்காகச் சிக்கியிருந்தேன். அவிழ்ந்த நாளைச் சொல்கிறேன்.

மபுத்துவின் மத்திய சந்தையில் மாம்பழம் விற்கும் ஒரு பெண்ணிடம் சனிக்கிழமைகளில் வாங்குவேன். மாம்பழத்துக்கு அவர்கள் சொல் 'மாங்கா'. நம்முடைய மாங்காய்தான், நம் கரைகளிலிருந்து கப்பலேறிப் போன சொல். அன்றைக்கு அவள் கையில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள், காம்படியில் சிவப்பேறிய நல்ல பழம். அதைக் காட்டி 'எஷ்தா மாங்கா' என்றேன். அவள் என் முன்னால் இருந்த குவியலைப் பார்த்தாள், என் கைக்குப் பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்துத் தந்தாள். இல்லை என்று தலையாட்டி மறுபடியும் 'எஷ்தா' என்றேன். இன்னொன்றை எடுத்தாள், அதுவும் என் பக்கத்துப் பழம். பிறகு தன் கையில் இருந்ததை உயர்த்தி, 'ஆ, எஸ்ஸா!' என்றாள்.

அந்த நிமிடம் எனக்குள் கேட்டது அம்மாவின் குரல். பருத்தித்துறைக் குசினி வாசலில் நின்றுகொண்டு, என் கையில் இருப்பதைக் காட்டி, 'உந்த மாங்காயை இஞ்சை கொண்டா.'

இந்த, உந்த, அந்த. எஷ்தா, எஸ்ஸா, அக்கேலா. சொல்பவருக்குப் பக்கத்தில் இருப்பது, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது, இருவருக்கும் விலகி இருப்பது. இங்கே அளவுகோல் மைல் கணக்கு இல்லை, யாருடைய பக்கம் என்பதுதான். வீடு அவளுடைய பக்கம், அதனால் அவள் வாயில் எஷ்தா. நீங்கள் அவளோடு பேசும்போது அது உங்கள் முன்னால் இருப்பவளுடைய பக்கம், அதனால் எஸ்ஸா. 'உந்த வீடு நல்ல வடிவு பிள்ளை' என்று யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருத்தி ஃபோனில் சொல்வாளே, அதுதான். நீங்களும் நானும் சேர்ந்து மூன்றாமவர் ஒருவரின் வீட்டைப் பற்றிப் பேசினால் அக்கேலா.

ஆங்கிலத்தின் வழியாக இதற்குள் போனால் வழி அடைபடும். ஆங்கிலத்தில் இன்று இரண்டே அறைதான், திஸ், தட். உந்தவையும் அந்தவையும் ஒரே அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உங்கள் செயலி ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருவதால் இரண்டுக்கும் தட் என்கிறது. நம் இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. தமிழ்நாட்டில் உகரச் சுட்டு பேச்சில் போய்விட்டது. நம் பக்கத்தில் உது, உவன், உங்கை, உப்பிடி என்று முழுக் குடும்பமும் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த இடம். நமக்கு 'இந்த' வேறு, 'இது' வேறு. 'இது வீடு' என்றால் ஒரு பொருள், 'இந்த வீடு' என்றால் இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் திஸ் ஒன்றே செய்கிறது. போர்த்துக்கேயத்தில் நம்மைப் போலவே தனிச் சொற்கள் உண்டு: இஷ்து, இஸ்ஸு, அக்கீலு. இது, உது, அது. இவை எந்தப் பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் வராது, ஆண் பெண் ஒருமை பன்மை என்று மாறவும் மாறாது. பெயர் தெரியாத ஒரு சாமானைக் காட்டி அவள் கையில் இருப்பது என்னவென்று கேட்க வேண்டுமா, 'ஓ கெ எ இஸ்ஸு?' என்று கேளுங்கள். உது என்ன? இவற்றோடு பெயரடை வந்தால் ஆண்பால் ஒருமைதான்: 'இஸ்ஸு எ புனீத்து'. நீங்கள் எழுதிய புனீத்துவுக்கு அங்கே இடம் உண்டு.

ஆனால் உந்தவுக்கும் எஸ்ஸாவுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் 'உந்த' எதற்கு முன்னாலும் அப்படியே நிற்கும். உந்தப் பெடியன், உந்தப் பெட்டை, உந்த வீடுகள். எஸ்ஸா அப்படியில்லை, நாலு உடுப்பு மாற்றும்: எஸ்ஸெ லீவ்ரு, எஸ்ஸா காஸா, எஸ்ஸெஷ் லீவ்ருஷ், எஸ்ஸாஷ் காஸாஷ். லீவ்ரு என்றால் புத்தகம், ஆண்பால். பெயரடையும் கூடவே மாறும், பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும்: எஸ்ஸாஷ் காஸாஷ் ப்ராங்காஷ், உந்த வெள்ளை வீடுகள். மூன்று சொல்லும் ஒரே ஈற்றில் முடிவதைக் காதால் கேளுங்கள். நான் அப்படித்தான் பிடித்தேன்.

முய்ந்து மாறாததற்குக் காரணம் அது அழகைத் தொட்டு நிற்கிறது, வீட்டைத் தொட்டு நிற்கவில்லை. எவ்வளவு அழகு என்று சொல்லும் வினையடை அது. வீட்டையே எண்ண வரும்போது மாறிவிடும்: 'முய்ந்தாஷ் காஸாஷ்', பல வீடுகள்.

அப்புறம் தங்கச்சி, நன்றி. பெண் சொன்னால் 'ஒப்ரிகாதா'. கடமைப்பட்டவன், கடமைப்பட்டவள் என்று சொல்பவரைப் பொறுத்து மாறும் சொல் அது. வாசலில் முதல் நாளே சொல்லப்போகிற சொல் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளவத்தைச் சித்தி எழுதியது:

அக்கா, இதை மூன்று தரம் வாசித்தேன்.

என் அம்மம்மா சாவகச்சேரி. எங்களோடு பம்பலப்பிட்டியில் இருந்தபோது அவ வாயில் உது, உவள், உங்கை எல்லாம் வரும். எனக்கும் வந்தது. நாலாம் வகுப்பில் 'ரீச்சர், உது என்ன?' என்று மேசையில் இருந்த பூகோள உருண்டையைக் காட்டிக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லைச் சொன்னதாக ஞாபகமே இல்லை. நாற்பது வருடம் இருக்கும். ரீச்சரின் பக்கத்தில் இருந்த பொருளை 'உது' என்றுதான் கேட்டிருக்கிறேன், சரியாகத்தான் கேட்டிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அம்மம்மா இருந்திருந்தால் இப்போதே போய்ச் சொல்லியிருப்பேன்.

என்னிடம் வரும் பிள்ளைகள் 'திஸ் புக்ஸ்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள் என்று நம் 'இந்த' மாறாமல் நிற்பதால் தீஸ் என்று மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. 'கவனமில்லை' என்று சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறேன். இனி அப்படி எழுத மாட்டேன். ஆங்கிலத்தில் மாற வேண்டியது அந்த ஒரு இடம்தான், பெயரடை மாறவே மாறாது. போர்த்துக்கேயத்தில் ஒரு வசனத்தில் மூன்று இடம் மாறுகிறது, நான் மூன்றையும் விடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. எது ஆண்பால், எது பெண்பால் என்று எப்படி ஞாபகம் வைத்தீர்கள்?

கப்பல் கந்தோர் எழுதியது:

நான் கொழும்புக் கோட்டையில் சரக்குக் கப்பல் வேலை. பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகத்தோடு கடிதப் போக்குவரத்து உண்டு. அக்கா சொன்ன பிரிவு போர்த்துக்கலுக்கும் மொசாம்பிக்குக்கும் பொருந்தும். பிரேசில்காரர் பேச்சில் எஷ்தெயும் எஸ்ஸெயும் பெரும்பாலும் கலந்துவிடும், தங்கள் கையில் இருப்பதைக்கூட எஸ்ஸெ என்பார்கள். தேவைப்பட்டால் 'இங்கே', 'அங்கே' என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் சேர்ப்பார்கள். சித்தி பார்க்கும் வீடியோக்கள் பிரேசில் வீடியோக்களாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஆனால் கடிதம் என்று வந்துவிட்டால் அவர்களும் கறார். 'எஷ்தா எம்ப்ரேஸா' என்றால் எழுதுகிற நம் நிறுவனம், 'எஸ்ஸா எம்ப்ரேஸா' என்றால் கடிதம் பெறும் உங்கள் நிறுவனம். புதிதில் இதைக் கவனிக்காமல் ஒரு கடிதத்தை மொழிபெயர்த்து, கட்ட வேண்டிய பணம் யாருடையது என்பதையே நான் தலைகீழாக்கிவிட்டேன். இரண்டு நாள் சரக்கு நின்றது. அன்றிலிருந்து அந்த ஒரு எழுத்தில் விரல் வைத்துத்தான் வாசிப்பேன்.

தெகிவளைப் பொடியன் எழுதியது:

நான் முதலில் எழுதியது போதாது என்று விளங்குகிறது. மன்னிக்க வேண்டும் அன்ரி. எனக்கு வீட்டில் உந்த பழக்கமில்லை, அப்பா மாத்தளை, அம்மா கொழும்பு. ஆனால் அக்கா எழுதியதை வாசித்துவிட்டு நேற்று புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கடைக்காரர் தோளில் போட்டிருந்த துணியைக் காட்டி 'ஓக்க கீயத?', உது என்ன விலை என்று சிங்களத்தில் கேட்டேன். என் கையில் இருந்தால் மேக்க, அவர் பக்கம் இருந்தால் ஓக்க, எதிர்ச் சுவரில் தொங்கினால் அரக்க, முன்பு பேசி முடித்ததென்றால் ஏக்க. சிங்களத்தில் நாலு அறை. சின்ன வயதிலிருந்தே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஓக்க சொல்கிறேன். எஸ்ஸாவை மட்டும் செயலியில் தட் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஜம்பட்டா வீதி எழுதியது:

தம்பி, மிகவும் சந்தோஷம். கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இனி இதை ஓக்க வழியாகவே சொல்லிக்கொடுப்பேன்.

தங்கச்சி கேட்ட ஆண்பால் பெண்பால். இதற்கு ஒரு குறுக்கு வழி உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்தார்கள், கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. அந்த நூற்றைம்பது வருடத்தில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் நம் அறைகளில் இன்னும் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் கதிரை அவர்களுடைய 'கதெய்ரா', பெண்பால். மேசை 'மேஸா', யன்னல் 'ஜனேலா', துவாய் 'துவால்யா', விறாந்தை 'வராந்தா', எல்லாம் பெண்பால். அலுமாரி 'அர்மாரியு', சப்பாத்து 'சபாத்து', அன்னாசி 'அனனாஷ்', காலையில் வாங்கும் பாண்கூட அவர்களுடைய சொல், இவை ஆண்பால். லாச்சியை மட்டும் விட்டுவிடுங்கள், அது ஒல்லாந்தர் தந்தது.

நான் மபுத்துவில் இருந்து லீவில் வந்தபோது, இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். வெறும் பெயரை எழுதாமல் சுட்டும் பெயரடையும் சேர்த்து எழுதினேன். கதிரையில் 'எஷ்தா கதெய்ரா வெல்யா', இந்தப் பழைய கதிரை. அலுமாரியில் 'எஷ்தெ அர்மாரியு வெல்யு'. சப்பாத்துப் பெட்டியில் 'எஷ்தெஷ் சபாத்துஷ் நோவுஷ்', இந்தப் புதிய சப்பாத்துகள். தூசி தட்டும்போதெல்லாம் வாய்விட்டு வாசிப்பேன். மூன்று கிழமையில் ஈறுகள் தாமாக வந்துவிட்டன. அறையின் மறுபக்கம் யாராவது இருந்தால் அவர் இருக்கும் கதிரையை எஸ்ஸா என்று சொல்லிப் பாருங்கள், அதிலும் பழக்கம் வரும்.

எல்லாச் சொல்லும் ஈற்றைப் பார்த்துப் பிடிபடாது. நாள் என்ற 'தியா' ஆவில் முடிந்தும் ஆண்பால். குழந்தை என்ற 'க்ரியான்ஸா' பையனாக இருந்தாலும் பெண்பால்தான், பெயரடையும் பெண்பாலில்தான் வரும். நமக்குப் பால் என்பது ஆளைப் பார்த்து வருவது, அவர்களுக்குச் சொல்லைப் பார்த்து வருவது. இங்கே தமிழ் கைகொடுக்காது, ஒவ்வொன்றாக மனதில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் நிறத்தில் ஒரு சலுகை உண்டு: நீலம் 'அஸூல்', ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்றே. பன்மையில் மட்டும் 'அஸூய்ஷ்'. தாத்தா வீட்டு நீலப் பட்டையைப் பற்றிப் பயமில்லாமல் எழுதலாம்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இதெல்லாம் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் பெயரடைகள் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறின, தட் என்பதே அந்நாளில் அஃறிணைப்பால் வடிவம். ஈறுகள் தேய்ந்து தேய்ந்து மிஞ்சியதுதான் திஸ்ஸும் தீஸும்.

மட்டக்களப்பான் எழுதியது:

ஒரு சிறு சேதி. எங்கள் ஊரில் பறங்கியர் குடும்பங்கள் சில இன்னும் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கேயத்திலிருந்து இங்கே பிறந்த கலப்பு மொழி, பேசுகின்றன. எங்கள் வீட்டு யன்னல்களைச் செய்தவரும் அவர்களில் ஒருவர்தான். அவர்கள் பேச்சில் இந்த ஆண்பால் பெண்பால் ஒட்டு உதிர்ந்துவிட்டது, பெயரடை மாறாது, நம் தமிழ் மாதிரி. அவர்களிடம் பேசிப் பழகலாம் என்று யாராவது சொன்னால், சித்தி, மொழி இனிமையானது, கேட்கக் கட்டாயம் வாருங்கள். லிஸ்பன் மருமகளுக்கு வேண்டிய ஈறுகள் மட்டும் அங்கே கிடைக்காது.

வெள்ளவத்தைச் சித்தி எழுதியது:

நான்கு நாளாக வீடு முழுக்கக் காகிதம். வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஆறாம் ஆண்டுச் சின்னவள் ஒருத்தி என் கதிரையைக் காட்டி 'எஸ்ஸா கதெய்ரா வெல்யா' என்று என்னிடமே சொன்னாள். சரியாகச் சொன்னாள். அவளுடைய அம்மா நெல்லியடி, வீட்டில் உந்த இருக்கிறதாம்.

நேற்றிரவு மருமகளுக்கு எழுதினேன். தாத்தா வீட்டுப் படத்தைத் திரும்ப எடுத்து, யன்னலுக்குக் கீழே இருந்த பட்டையைப் பெரிதாக்கி, 'எஸ்ஸா காஸா ப்ராங்கா எ அஸூல் எ முய்ந்து புனீத்தா. ஒப்ரிகாதா!' அனுப்புமுன் ஒவ்வொரு ஈற்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். கூடவே அவர்களுக்காக ஒதுக்கியிருக்கும் அறையைப் படம் பிடித்தேன். கடல் பக்கத்து யன்னல், காகிதம் ஒட்டியபடியே: 'எஷ்தா ஜனேலா'. என் பக்கத்து யன்னல் என்பதால் எஷ்தா.

காலையில் பார்க்கிறேன், இந்த முறை திருத்தம் எதுவும் இல்லை. ஒரே வரி எழுதியிருக்கிறாள்: 'கெ புனீத்தா, எஸ்ஸா ஜனேலா!'